வீட்டுக் கார் போர்ச்சுக்கு லிஃப்ட் வாங்குவது எப்படி? தரையிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

சனி, ஞாயிறுகளில் சொந்தக் காருக்கு எண்ணெய் மாற்றுகிறவர்கள், பிரேக் பேட் போடுகிறவர்கள், பழைய புரோட்டோன் சாகாவையோ வீராவையோ பிரித்துப் புதுப்பிக்கிறவர்கள் கோலாலம்பூரில் நம்மவர்களிடையே நிறைய இருக்கிறார்கள். ஜாக்கியும் ஸ்டாண்டும் வைத்துத் தரையில் படுத்து வேலை பார்த்து முதுகு நொந்த பிறகு, காரைத் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வாங்கலாமா என்ற எண்ணம் வரும். நியாயமான எண்ணம்தான். நல்ல லிஃப்ட் சரியான இடத்தில் இருந்தால், ஜாக்கியை விடப் பல மடங்கு பாதுகாப்பானது.

கடைக்குப் போனால் முதல் கேள்வி, "எத்தனை டன் வேணும் அண்ணே?" என்பதாகத்தான் இருக்கும். பட்டறைக்கு வாங்குகிறவருக்கு அது சரியான தொடக்கம். வீட்டுக்கு வாங்குகிறவருக்கு அது நான்காவது கேள்வி. முதலில் கூரை, அடுத்து தரை, பிறகு என்ன வேலை செய்யப் போகிறோம் என்பது, அதன் பின்தான் எடை. நம் ஊர் தொடர் வீடுகளில் கூரையும் தரையுமே பாதி லிஃப்ட்டுகளைத் தள்ளிவிடும். இந்த வழிகாட்டி அந்த வரிசையில் போகிறது.

படி 1: கூரையை அளந்து பாருங்கள்

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போர்ச்சின் மிகத் தாழ்ந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். கூரையின் அடிப்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. குறுக்கே போகும் பீம், மின்விசிறி, விளக்கு, துணி காயப்போடும் கம்பி, வாசலில் தொங்கும் தோரணம் எல்லாம் கணக்கில் வரும். தரை கேட் பக்கமாகச் சரிந்திருக்கும் என்பதால், வீட்டுச் சுவரோரத்திலும் கேட் ஓரத்திலும் தனித்தனியாக அளந்து பாருங்கள்.

இப்போது காரின் உயரம். இன்றைய மைவி 1.515 மீட்டர். ஹைலக்ஸ் 1.8 மீட்டரைத் தாண்டும். அல்பார்ட் 1.9 மீட்டருக்கு மேல். உங்கள் போர்ச் 2.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் காரின் உயரத்தையும், மேலே விட வேண்டிய பத்து சென்டிமீட்டர் இடைவெளியையும் கழித்தால், காரை எவ்வளவு தூக்க முடியும் என்பது கிடைக்கும். மைவிக்குச் சுமார் 1.28 மீட்டர். அல்பார்டுக்கு 0.9 மீட்டர்கூட வராது. வீட்டில் இரண்டு கார் இருந்தால் உயரமான காருக்குக் கணக்குப் போடுங்கள், ஏனென்றால் ஒருநாள் அதையும் ஏற்றத்தான் போகிறீர்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. "1.2 மீட்டர் தூக்கும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், அது தரையிலிருந்து லிஃப்ட்டின் ரப்பர் பேட் போய் நிற்கும் உயரம். காரின் அடிவிளிம்பு ஏற்கெனவே தரையிலிருந்து இருபது சென்டிமீட்டர் அளவில் இருக்கிறது. ஆகவே கார் உண்மையில் ஏறுவது ஒரு மீட்டர்தான். 2.9 மீட்டர் போர்ச்சில் மைவியை அப்படி ஏற்றினால் அதன் கூரை 2.5 மீட்டரில் நிற்கும், தாராளமாக இடம் இருக்கும்.

நின்றபடி அடியில் வேலை செய்ய வேண்டுமா? ஐந்தரை அடிக்குச் சற்று மேல் உயரமுள்ளவர் குனியாமல் நிற்க, காரின் அடிப்பகுதி 1.75 மீட்டருக்கு வர வேண்டும். அப்போது மைவியின் கூரை 3 மீட்டரைத் தாண்டிவிடும். இடைவெளியோடு சேர்த்து 3.2 மீட்டராவது வேண்டும். ஒன்பது, பத்து அடிப் போர்ச்சில் அது நடக்காது. கூரையை உயர்த்தலாமே என்று யோசிப்பவர்கள் படி 7 வரை பொறுங்கள்.

படி 2: தரையைச் சோதியுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடம் இது.

கோலாலம்பூர் ஈயச் சுரங்கத்தால் உருவான ஊர். 1857-இல் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேரும் இடத்துக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து இறங்கியதிலிருந்து, சுற்றுவட்டாரமெங்கும் மண்ணைத் தோண்டினார்கள், குட்டைகள் ஆக்கினார்கள், பின்னால் மூடினார்கள். அப்படி மூடிய நிலங்களில் பல தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) எழுந்திருக்கின்றன. பெரும்பாலான வீடுகளின் சுவரும் தூணும் ஆழமான அடித்தளத்தின் மேல் நிற்கும். ஆனால் கார் போர்ச்சின் தளம் பல இடங்களில் நிரப்பு மண்ணின் மேல் நேரடியாக ஊற்றப்பட்டது. வீடு அசையாமல் இருக்க, போர்ச் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தாழ்வதை நீங்களே பார்த்திருப்பீர்கள். வாசற்படிக்கும் போர்ச்சுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி, சுவரோரத்தில் நீளமான விரிசல், ஒரு மூலையில் மட்டும் தேங்கும் மழைநீர். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், அந்தத் தரையில் போல்ட் போட்டு நிறுத்தும் லிஃப்ட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

இரண்டு தூண் லிஃப்ட்டுக்குத் தரை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. கார் நடுவில் தொங்குகிறது, தூண் ஓரத்தில் நிற்கிறது. காரைத் தாங்கும் லிஃப்ட்டின் கைகள் தூணிலிருந்து உள்பக்கமாக நீண்டிருப்பதால் எடை முழுவதும் தூணை உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். தூணின் அடித்தகட்டின் ஒரு பக்கம் தரையை அழுத்தும். மறு பக்கத்து போல்ட்டுகள் தரையைப் பிடுங்கிக்கொண்டு வர இழுக்கும். அந்த இழுவிசையைத் தாங்குவது போல்ட்டைச் சுற்றியுள்ள கான்கிரீட் மட்டும்தான். மெல்லிய தளமாக இருந்தால் கூம்பு வடிவில் ஒரு துண்டு பெயர்ந்து போல்ட்டோடு வந்துவிடும்.

நான்கு டன் வகுப்பு இரண்டு தூண் லிஃப்ட்டுகளுக்கு, தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கேட்பது குறைந்தது 100 மில்லிமீட்டர், அதாவது நான்கு அங்குலம், நல்ல தரமான கான்கிரீட். சில மாடல்களுக்கு அதற்கு மேலும் வேண்டும். வலிமை 3000 பிஎஸ்ஐ (கான்கிரீட் தாங்கும் அழுத்தத்தின் அளவு) என்று மேனுவலில் இருக்கும். இங்கே நாம் வாங்கும் கிரேட் 25 கான்கிரீட் அதைத் தாண்டும். ஆனால் உங்கள் போர்ச்சில் உள்ளது அந்தத் தரம்தானா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சோதிக்கும் முறை இது. முதலில் சுத்தியலின் பின்புறத்தால் டைல்களைத் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வந்தால் டைலுக்கும் தளத்துக்கும் நடுவே காற்று இருக்கிறது. டைல் மேல் எந்த லிஃப்ட்டையும் போல்ட் போடக்கூடாது, அடித்தகடு உட்காரும் இடத்தில் டைலையும் அதன் கீழுள்ள சிமெண்டுப் பூச்சையும் எடுத்துவிட வேண்டும். அடுத்து, தூண் வரப்போகும் இரண்டு இடங்களிலும் மெல்லிய துளை போட்டு, ஒரு கம்பியை உள்ளே விட்டு வளைந்த நுனியால் தளத்தின் அடியைத் தொட்டு அளந்து பாருங்கள். ஒரே வீட்டில் ஒரு பக்கம் ஐந்து அங்குலமும் மறுபக்கம் மூன்று அங்குலமும் இருப்பது அபூர்வமில்லை. துளை போடும்போது வரும் தூளையும் கவனியுங்கள். எளிதாக, வெண்ணெயில் இறங்குவதுபோல் டிரில் இறங்கினால் அது பலவீனமான கலவை.

துளை போடும் முன் இன்னொன்று. கேட் தூணில் மீட்டர் இருக்கும் வீடுகளில், மின் கேபிள் போர்ச்சின் அடியிலேயே வீட்டுக்குள் போகக்கூடும். தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். மீட்டர்களிலிருந்து வீட்டுக்குள் எந்தப் பாதையில் போகின்றன என்று தெரியாமல் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டாம். வயர்மேனைக் கூப்பிட்டு கேபிள் பாதையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். போர்ச்சின் முன்பகுதி மூடிய கால்வாயின் மேல் நிற்கிறதா என்பதையும் பாருங்கள், அந்தப் பகுதி லிஃப்ட்டுக்கு ஆகாது. மேட்டு நிலத்து வீடுகளில் போர்ச்சின் கீழே இன்னொரு அறை இருந்தால், கட்டமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் எதையும் வைக்காதீர்கள்.

தளம் போதாது என்று தெரிந்தால் வழி இருக்கிறது. தூண் வரும் இடத்தை வெட்டியெடுத்து, கீழே மண்ணைக் கெட்டித்து, பிஆர்சி கம்பி வலை வைத்து, புதிய கான்கிரீட் ஊற்றலாம். சிலர் தூணுக்கு ஒன்றாக இரண்டு சதுரம் மட்டும் ஊற்றுவார்கள். என் விருப்பம், இரண்டு தூணையும் சேர்த்து ஒரே பட்டையாக ஊற்றுவது. ஒரு பக்கம் மட்டும் தாழும் ஆபத்து அதில் குறைவு. அளவையும் கம்பியையும் பொறியாளர் சொல்லட்டும். ஊற்றிய பிறகு சாக்குப் போட்டு ஈரமாக வைத்திருந்து, 28 நாள் கழித்துத்தான் போல்ட் துளை போட வேண்டும். தீபாவளிக்கு முன் முடிக்க வேண்டும் என்றோ, சீனப் பெருநாளுக்கு கன்ட்ராக்டர் லீவில் போய்விடுவார் என்றோ அந்த 28 நாளைக் குறைக்காதீர்கள். "போர்ச்சுல சிமெண்டு இருக்கில்ல, போட்டுடலாம் அண்ணே" என்று அளக்காமலே சொல்லும் சப்ளையரிடம் நான் வாங்க மாட்டேன்.

கடைசியாகச் சரிவு. மழைநீர் ஓடுவதற்காகப் போர்ச் சரிவாகவே கட்டப்பட்டிருக்கும். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவிலேயே இரண்டரை மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். சிம் எனப்படும் மெல்லிய தகடுகளை அடியில் வைத்துச் சமன் செய்யலாம், ஆனால் எவ்வளவு வரை என்பதற்கு ஒவ்வொரு மாடலின் மேனுவலிலும் வரம்பு உண்டு. அதைத் தாண்டினால் தளத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

படி 3: வேலைக்கு ஏற்ற வகை

இரண்டு தூண் லிஃப்ட். பட்டறைகளில் பார்ப்பது. நான்கு சக்கரமும் தொங்கும், நடுப்பகுதி முழுவதும் திறந்திருக்கும். கியர்பாக்ஸ் இறக்குவது, எக்ஸாஸ்ட் மாற்றுவது, சஸ்பென்ஷன் வேலை எதுவானாலும் இதற்கு இணை இல்லை. மேலே குறுக்குச் சட்டம் உள்ள மாடல்கள் 3.6 மீட்டர் அளவுக்கு உயரமானவை. தரையில் இணைப்புத் தகடு ஓடும் மாடல்கள் சுமார் 2.8 மீட்டர். வீட்டுக்குப் பார்ப்பதானால் இரண்டாவது வகைதான். இவற்றுக்கு வெளியளவில் 3.4 மீட்டர் அகலம் தேவைப்படும். இருபது அடி அகல மனையில் போர்ச் ஆறு மீட்டர் இருக்கும், ஆகவே ஒரு காருக்கு லிஃப்ட் போட்டால் பக்கத்தில் இரண்டாவது காரை நிறுத்தும் இடம் நெருக்கடியாகிவிடும். தூண்கள் திருப்பி வைக்கப்பட்ட மாடல்களில் கார் சற்றுப் பின்தள்ளி நிற்கும், கதவு நன்றாகத் திறக்கும், சிறிய கார்களுக்கு அது வசதி. ஹைலக்ஸ் போன்ற நீண்ட வண்டிக்குத் தூண்கள் நேருக்கு நேர் நிற்பது நல்லது. தரை நிரூபிக்கப்பட்ட, உயரமும் உள்ள செமி-டி, பங்களா வீடுகளுக்கு நான் இதைச் சொல்வேன். சாதாரண தொடர் வீட்டுக்குச் சொல்ல மாட்டேன்.

நான்கு தூண் லிஃப்ட். கார் தன் சக்கரத்திலேயே ஓடி மேலே ஏறி நிற்கும். எடை நான்கு இடத்துக்குப் பிரிவதால் தரைக்குச் சுமை குறைவு. தூணைப் பிடுங்கும் விசையும் பெரிதாக இல்லை. எண்ணெய் மாற்றவும் அடியைக் கழுவிப் பார்க்கவும் அருமையானது, ஆனால் சக்கரம் கழற்ற வேண்டுமானால் நடுவில் ஓடும் இன்னொரு ஜாக்கி வாங்க வேண்டும். ஒரு காரின் மேல் இன்னொரு காரை நிறுத்தத்தான் பலர் இதைக் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள்: கீழே சாகா 1.49, மேலே மைவி 1.52, மேடையின் தடிமனும் இடைவெளியும் சேர்த்து இன்னொரு கால் மீட்டர். 3.25 மீட்டர் கூரை இல்லாமல் இது முடியாது. மேலே நிற்கும் காரிலிருந்து எண்ணெய் சொட்டும், அதற்குத் தட்டு வேண்டும்.

சிசர் லிஃப்ட். கத்தரிக்கோல்போல் மடங்கி விரிவது. கோலாலம்பூர் தொடர் வீட்டுக்கு என்னுடைய முதல் பரிந்துரை, தரைமேல் வைக்கும் நடுத்தர உயர சிசர். மடங்கினால் பத்து, பதினொரு சென்டிமீட்டர் உயரம், விரிந்தால் ஒரு மீட்டரிலிருந்து 1.2 மீட்டர். சிறிய ஸ்டூலில் உட்கார்ந்தபடி பிரேக், டயர், அப்சார்பர், எண்ணெய் எல்லாம் செய்யலாம். சுமை அகலமான சட்டத்தின் வழியாகத் தரையில் இறங்குவதால் தளத்துக்குத் தொல்லை குறைவு. சில மாடல்களை வண்டி வைத்து உருட்டி ஓரமாகத் தள்ளிவிடலாம், விருந்தினர் வரும் நாளில் போர்ச் பழையபடி காலியாகும். குறை ஒன்று: காரின் நடுவில் லிஃப்ட் உட்கார்ந்திருக்கும். எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ் வேலைக்குக் கை நுழையாது. அந்த வேலை வருடத்துக்கு ஒருமுறை வந்தால் பட்டறைக்குக் கொண்டு போய்விடலாம் என்று நான் சொல்வேன். இரண்டு தனி மேடையாக, நடுவில் திறந்தபடி முழு உயரம் போகும் சிசர்களும் உண்டு, அவற்றுக்குத் தரையும் உயரமும் இரண்டு தூண் அளவுக்கே வேண்டும்.

சிசரைக் குழி தோண்டிப் புதைத்து, தரை மட்டத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்று சொல்வார்கள். மாலை மழைக்குக் கால்வாய் நிரம்பும் ஊர் இது. 2021 டிசம்பர் 18-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு எங்கும் தண்ணீர் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குழியில் வடிகாலும் பம்பும் இல்லாவிட்டால் ஒவ்வொரு பெருமழைக்கும் சிலிண்டரும் பின்களும் நீரில் ஊறும். வீட்டுக்குக் குழி வேண்டாம் என்பது என் தெளிவான கருத்து.

எளிதில் தூக்கி வைக்கும் சிறிய ஹைட்ராலிக் லிஃப்ட்டுகள். குவிக்ஜேக் போன்றவை. இரண்டு சட்டங்களைக் காரின் அடியில் இருபுறமும் தள்ளிவிட்டு ஏற்றினால், ஏறக்குறைய அரை மீட்டர் உயரும். வேலை முடிந்ததும் சுவரில் மாட்டிவிடலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், போர்ச் கூரை மிகத் தாழ்வாக உள்ளவர்களுக்கும் நல்ல தேர்வு. படுத்துத்தான் வேலை செய்ய வேண்டும், ஆனால் ஜாக்கி ஸ்டாண்டை விட நிதானமாக, நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் தூக்கிய நிலையில் செய்யலாம். உங்கள் காரின் தூக்கும் இடங்களுக்கு இடையிலான தூரம் அந்தச் சட்டத்தின் நீளத்துக்குள் வருகிறதா என்று அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். மைவிக்குப் பொருந்துவது ஹைலக்ஸுக்குப் பொருந்தாது.

ஒற்றைத் தூண் நகரும் லிஃப்ட்டை நான் வீட்டுக்குச் சொல்வதில்லை. சீரற்ற போர்ச் தரையில் அதற்கு வேலை இல்லை.

படி 4: எடை

இப்போது அந்த டன் கேள்வி. மைவி சுமார் ஒரு டன். ஹைலக்ஸ், அல்பார்ட் இரண்டு டன்னைச் சுற்றி. அட்டோ 3 போன்ற மின்சாரக் கார்கள் அளவில் சிறியதாகத் தெரிந்தாலும் பேட்டரியால் 1.7 டன் அளவுக்கு வரும். மூன்று, மூன்றரை டன் லிஃப்ட் எல்லாவற்றுக்கும் போதும் என்று தோன்றும். கவனிக்க வேண்டியது, இரண்டு தூண் லிஃப்ட்டில் ஒவ்வொரு கைக்கும் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான் அனுமதி. நான்கு டன் என்றால் ஒரு கைக்கு ஒரு டன். முன்சக்கர இயக்கக் கார்களில் எடை முன்பக்கம் கூடுதலாக இருக்கும். இரண்டு டன் வண்டியில் அறுபது விழுக்காடு முன்னால் என்றால், முன்கை ஒவ்வொன்றும் 600 கிலோ சுமக்கும். நான்கு டன் லிஃப்ட்டில் அது நிம்மதியான எண்.

காரின் தூக்கும் இடங்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பெரும்பாலான கார்களில் கதவுக்குக் கீழே உள்ள மடிப்புத் தகட்டில், பள்ளம் வெட்டிய அடையாளத்தோடு இருக்கும். அதற்குப் பள்ளமுள்ள ரப்பர் பேட் வேண்டும், தட்டையான பேட் தகட்டை நசுக்கும். 1985-இல் வந்த முதல் தலைமுறை சாகா போன்ற பழைய வண்டிகளில் அந்த இடம் துருப்பிடித்திருந்தால், முதலில் வெல்டிங், பிறகுதான் லிஃப்ட். ஹைலக்ஸுக்கு அடிச்சட்டத்தில் (சேஸியில்) தூக்க வேண்டும், நீளமான அடாப்டர் தேவை. மின்சாரக் காரில் பேட்டரிப் பெட்டியின் மேல் பேட் படவே கூடாது, தயாரிப்பாளர் காட்டிய நான்கு இடங்கள் மட்டும்.

படி 5: மின்சாரம்

நம் தொடர் வீடுகள் பலவற்றில் டிஎன்பி மின் இணைப்பு ஒற்றைப் பேஸ், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சந்தையில் உள்ள பல லிஃப்ட்டுகள் 2.2 கிலோவாட் மோட்டாரோடு, ஒற்றைப் பேஸ், மூன்று பேஸ் என இரண்டு விதமாக வருகின்றன. ஆர்டர் செய்யும்போது எழுத்தில் ஒற்றைப் பேஸ் என்று உறுதி செய்யுங்கள். பட்டறைக்காக வந்த மூன்று பேஸ் மோட்டார் வீட்டில் வந்து இறங்கினால் மாற்றுவது பெரிய தலைவலி.

2.2 கிலோவாட் மோட்டார் ஓடும்போதே 13 ஆம்பியரைத் தொடும். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். ஆகவே சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட்டில் நீட்டிப்பு வயர் போட்டு ஓட்டக்கூடாது. மின்பெட்டியிலிருந்து தனி சர்க்யூட், பொருத்தமான பிரேக்கர், மின்கசிவுக்கு ஆர்சிசிபி பாதுகாப்பு, லிஃப்ட் பக்கத்தில் மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் ஐசோலேட்டர் ஸ்விட்ச். இதைச் சூருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும். ஐசோலேட்டரைப் பெரியவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், பூட்டுப் போடும் வசதியோடு வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பூட்டு கட்டாயம்.

அமெரிக்காவிலிருந்து தனியாக இறக்குமதி செய்து விற்கும் லிஃப்ட்டுகளில் கவனமாக இருங்கள். அங்கே 60 ஹெர்ட்ஸ். அந்த மோட்டார் இங்கே ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும், சூடாகும். சிறிய லிஃப்ட்டுகளில் 110 வோல்ட் மாடல் கலந்து வரலாம். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

போர்ச் பாதி திறந்த இடம். சாரல் அடிக்கும் பக்கத்தில் பவர் யூனிட்டை வைக்காமல், உள்சுவர் ஓரமாக வையுங்கள். இடி மின்னல் அடிக்கும் மாலைகளில் ஐசோலேட்டரை அணைத்துவிடுவது நல்ல பழக்கம்.

படி 6: சான்று, சப்ளையர், பழைய லிஃப்ட்

வாகன லிஃப்ட்டுகளுக்கு ஐரோப்பிய தரம் இஎன் 1493. வட அமெரிக்காவில் ஆட்டோமோட்டிவ் லிஃப்ட் இன்ஸ்டிடியூட் சான்றளித்த மாடல்களில் தங்க நிற லேபிள் இருக்கும், அந்த மாடல்களின் பட்டியலை அவர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். வெறும் சிஇ (ஐரோப்பியத் தர அடையாளம்) ஸ்டிக்கரை நம்பாதீர்கள். எந்த ஆய்வகம் சோதித்தது, சான்று எண் என்ன, அதில் இருக்கும் மாடல் எண்ணும் லிஃப்ட்டில் உள்ளதும் ஒன்றா என்று கேளுங்கள். நேர்மையான சப்ளையர் காகிதத்தை எடுத்துக் காட்டுவார்.

லிஃப்ட்டைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது இயந்திரப் பூட்டு. ஹைட்ராலிக் எண்ணெய் தூக்குவதற்கு மட்டும். தாங்கி நிற்க வேண்டியது எஃகுப் பூட்டு. எத்தனை உயரங்களில் பூட்டு விழுகிறது, இரண்டு பக்கமும் ஒன்றாக விழுகிறதா, குழாய் வெடித்தால் இறக்கத்தைத் தடுக்கும் வால்வு உண்டா, கைகள் உயர்ந்ததும் தானாகப் பூட்டிக்கொள்கின்றனவா என்று இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பூட்டு விழும் ஓசை இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

விலையை ஒப்பிடும்போது மொத்தக் கணக்கில் ஒப்பிடுங்கள். லிஃப்ட்டின் விலை, கிரேன் லாரியில் கொண்டு வந்து இறக்குவது, பொருத்துவது, தரையில் பதியும் ஆங்கர் போல்ட், ஹைட்ராலிக் எண்ணெய், வயரிங், தளவேலை. ஒரு கடை லிஃப்ட்டைக் குறைத்துச் சொல்லிவிட்டு மற்றதில் ஏற்றலாம். உதிரி பாகம், குறிப்பாக சீல், கேபிள், பேட் ஆகியவை இங்கேயே கிடைக்குமா என்பது ஆயிரம் வெள்ளி தள்ளுபடியை விட முக்கியம்.

மூடப்பட்ட பட்டறையின் பழைய லிஃப்ட் மலிவாக வரும். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் கேபிளை மாற்ற வேண்டும். வெல்டிங் மூட்டுகளில் மயிரிழை விரிசல், மேலே புதிதாக அடித்த பெயிண்ட், நீக்கப்பட்ட பெயர்ப்பலகை, மேனுவல் இல்லாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

படி 7: அனுமதி

கூரையை உயர்த்துவதும் போர்ச்சை நீட்டுவதும் கட்டட மாற்றம். அதற்கு டிபிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் மாநகராட்சி மன்றத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும், தளத்தை உடைத்து ஊற்றுவதற்கும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். காவல் போட்ட குடியிருப்பில் இருந்தால் நிர்வாகக் குழுவிடம் எழுத்தில் பெறுங்கள். சொந்தக் காரைப் பழுது பார்ப்பது வேறு, காசு வாங்கிக்கொண்டு பிறர் காரைப் பார்ப்பது வேறு. இரண்டாவது தொழில், உரிமம் இல்லாமல் வீட்டில் செய்ய முடியாது. வீட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். பக்கத்து வீட்டு அங்கிள், ஆன்ட்டியிடம் முதலிலேயே சொல்லிவிடுவது அனுமதிப் பட்டியலில் இல்லாத, ஆனால் நான் தவறாமல் செய்யச் சொல்லும் காரியம். சுவர் பொதுச்சுவர், டிரில் சத்தம் அவர்கள் வரவேற்பறையில்தான் முதலில் கேட்கும்.

படி 8: பொருத்தும் நாள்

இரண்டு தூண் லிஃப்ட் அரை டன்னுக்கு மேல் எடையுள்ள கட்டாக வரும். தாமான் சாலையில் இருபுறமும் கார் நிறுத்தியிருந்தால் கிரேன் லாரி நுழையாது, முந்தின நாளே அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள்.

பொருத்துபவர் பக்கத்தில் நின்று பாருங்கள். துளை போட்டதும் உள்ளே உள்ள தூளை ஊதி வெளியேற்ற வேண்டும், தூள் இருந்தால் ஆங்கர் பிடிக்காது. தளத்தின் விளிம்பு, விரிசல், பழைய துளை ஆகியவற்றிலிருந்து மேனுவல் சொல்லும் தூரம் விட வேண்டும். போல்ட்டை டார்க் ரெஞ்சால், மேனுவலில் உள்ள எண்ணுக்கு முறுக்க வேண்டும். இம்பாக்ட் துப்பாக்கியால் "நல்லா டைட் ஆயிடுச்சு" என்று முடிப்பதை ஏற்காதீர்கள். ஒரு போல்ட் சுழன்றுகொண்டே போனால், அந்த இடத்துக் கான்கிரீட் தோற்றுவிட்டது என்று பொருள். வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

எண்ணெய் ஐஎஸ்ஓ 32 அல்லது 46 தர ஹைட்ராலிக் எண்ணெய், மேனுவல் எதைச் சொல்கிறதோ அது. காற்று வெளியேற, கார் இல்லாமல் பலமுறை முழு உயரம் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள்.

படி 9: முதல் கார், அப்புறம் தொடர்ந்து

எடை குறைந்த காரில் தொடங்குங்கள். பேட்களைத் தூக்கும் இடங்களில் வைத்து, சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பும் வரை மட்டும் ஏற்றுங்கள். நிறுத்திவிட்டு பம்பரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கார் பேட்டில் நகர்ந்தால், சத்தம் வந்தால், ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கி மறுபடி வையுங்கள். சரியாக இருந்தால் வேண்டிய உயரம் வரை ஏற்றி, பிறகு சற்று இறக்கிப் பூட்டில் உட்கார வையுங்கள். பூட்டில் உட்காராத காரின் அடியில் ஒருவரும் போகக்கூடாது, ஒரு நட் எடுக்கக்கூட. இறக்கும்போது முதலில் சற்று ஏற்றி, பூட்டை விடுவித்து, அடியில் பூனைகூட இல்லை என்று பார்த்த பிறகு இறக்குங்கள். எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றினால் எடையின் மையம் நகரும், அந்த வேலைக்குத் தனித் தாங்கி வைக்காமல் போல்ட்டைத் தளர்த்த வேண்டாம். காருக்குள் ஆள் இருக்கும்போது ஏற்றவே கூடாது, ஏற்றிய பிறகு பின்கதவைத் திறக்கும் முன் கூரையைப் பாருங்கள்.

ஆங்கர் போல்ட்டுகளை முதல் சில வாரங்களிலும், பிறகு மேனுவல் சொல்லும் இடைவெளியிலும் மறுபடி டார்க் வைத்துப் பாருங்கள். அடித்தகட்டைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால், தூண் நகர்ந்ததா, புதிய விரிசல் வந்ததா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். நம் ஈரக்காற்றில் கேபிளும் பின்களும் சீக்கிரம் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை துடைத்து கிரீஸ் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை லிஃப்ட் தெரிந்த டெக்னீஷியனைக் கூப்பிட்டுப் பூட்டு, கேபிள், சீல் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

காரிலிருந்து வடித்த பழைய எண்ணெயை முன்வாசல் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் கழிவு மசகெண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட கழிவு. மூடியுள்ள டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கிக்கொள்ளும் பட்டறையிடம் கொடுத்துவிடுங்கள். லிஃப்ட்டின் ஹைட்ராலிக் எண்ணெயை மாற்றும்போது அதையும் தனி டின்னில், பெயர் எழுதி, அதே இடத்தில் கொடுக்கலாம்.